படிச்சு முடிச்சு எட்டு மாசம், டெவலப்பர் வேலை இன்னும் கிடைக்கல – எங்க தப்புன்னு சொல்லுங்க

எட்டாம்மாசம் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு முடிச்சு எட்டு மாசம் ஆகுது. அப்ளை பண்ணதெல்லாம் ஒரு எக்செல்ல எழுதி வச்சிட்டு வர்றேன், அதனால கணக்கு சரியாத் தெரியும், மொத்தம் 263. பதில் வந்தது 19. அதுல 14 "வேற ஒருத்தர எடுத்துட்டோம்"னு வந்த மெயில். மிச்சம் அஞ்சுல மூணு ஆன்லைன் கோடிங் டெஸ்டோட முடிஞ்சிருச்சு, ரெண்டு இடத்துல ஆளுங்ககிட்ட பேசினேன், ரெண்டுலயும் அதுக்கப்புறம் சத்தமே இல்ல.
கூட படிச்சவங்கள்ல பாதிப் பேர் வேலைல இருக்காங்க. வீட்ல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. ஜாவா, பைதான், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், ரியாக்ட் தெரியும், இப்போ மெஷின் லேர்னிங் கோர்ஸ் ஒண்ணும் ஆரம்பிச்சிருக்கேன். இன்னும் என்ன கத்துக்கணும்? சர்டிஃபிகேட் வாங்கினா ஏதாவது மாறுமா? மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன்.

சர்வர்_காவலன் எழுதியது:
தம்பி, மொதல்ல அந்த எக்செல்ல வச்சிருக்கறதுக்கே ஒரு சபாஷ். நிறைய பேர் "நூத்துக்கணக்கா போட்டேன்"னு சொல்லுவாங்க, எத்தனைன்னு கேட்டா தெரியாது. உன் கணக்குலயே பதில் இருக்கு பாரு. குழாய்ல தண்ணி வரலன்னா எந்த இடத்துல ஒழுகுதுன்னுதான பாப்போம். 263ல 5 பேர்தான் உன்னோட பேசணும்னு நெனச்சிருக்காங்க. அப்போ ஒழுகுறது ரெஸ்யூம்லயும் எங்க அப்ளை பண்றங்கறதுலயும்தான். அதுக்கு அடுத்தது, டெஸ்ட் மூணு, இன்டர்வியூ ரெண்டு, இந்த அஞ்சுல ஒண்ணும் தேறலங்கறத வச்சு நீ இன்டர்வியூல மோசம்னு முடிவு கட்ட முடியாது, அஞ்சுங்கறது ரொம்பக் கம்மி. இன்னொரு கோர்ஸ் படிச்சா இந்த ஒழுகல் நிக்காது. நான் 11 வருஷமா பேக்கெண்ட்ல (சர்வர் பக்கத்துக் கோடு) இருக்கேன், ஃப்ரெஷர் இன்டர்வியூ நிறைய எடுத்திருக்கேன், "இந்தப் பையன்கிட்ட இன்னொரு சர்டிஃபிகேட் இருந்திருந்தா எடுத்திருப்பேன்"னு ஒரு தடவகூட தோணினதில்ல.
பேரு, நம்பர், மெயில் மறைச்சிட்டு ரெஸ்யூம்ல இருக்கறத இங்க போடு.

எட்டாம்மாசம் எழுதியது:
நன்றி அண்ணா. சுருக்கமா போடறேன்.
நோக்கம்: வளர்ந்து வரும் நிறுவனத்தில் என் திறமைகளைப் பயன்படுத்தி வளர விரும்புகிறேன்.
தெரிஞ்சது: சி, சி++, ஜாவா, பைதான், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், ரியாக்ட், ஆங்குலர், நோட், எக்ஸ்பிரஸ், ஜாங்கோ, ஃபிளாஸ்க், மைஎஸ்கியூஎல், மாங்கோடிபி, டாக்கர், குபெர்னெட்டிஸ், ஏடபிள்யூஎஸ், டென்சர்ஃப்ளோ, கிட், லினக்ஸ்.
ப்ராஜெக்ட்: வீடியோ ஸ்ட்ரீமிங் தளம் குளோன், ஷாப்பிங் தளம் குளோன், வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட்.
அப்புறம் மார்க், ஹாபி, நாலு ஆன்லைன் சர்டிஃபிகேட். பக்கத்த நெடுக்கா ரெண்டு காலமா (காலம்னா பத்தி) பிரிச்ச டெம்ப்ளேட், திறமைக்கு பக்கத்துல அஞ்சு ஸ்டார்ல எத்தனைன்னு போட்டிருக்கேன்.

நீலக்குடை எழுதியது:
நான் ஆள் எடுக்கற பக்கத்துல இருக்கேன், ஆறு வருஷமா டெக் ரெக்ரூட்டர். ஒரு ஜூனியர் போஸ்டிங் போட்டா என் மேசைக்கு என்ன வருதுன்னு சொன்னா உங்களுக்கு புரியும். மொத ரெண்டு நாள்லயே நூத்துக்கணக்குல வந்து விழும், அதுல பெரும்பாலானது இப்போ நீங்க போட்ட மாதிரியே இருக்கும், அதே டூ-டூ லிஸ்ட், அதே வானிலை ஆப், அதே குளோன், ஏன்னா எல்லாரும் அதே வீடியோவ பாத்து செஞ்சிருக்காங்க. உங்களத் திட்டறதுக்கு சொல்லல. அந்தக் கூட்டத்துல உங்கள தனியா பாக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும், இந்த ரெஸ்யூம் அதக் குடுக்கல, அவ்ளோதான்.
இருவது பேரு அடுக்கி வச்சிருக்கீங்கள்ல, குபெர்னெட்டிஸ்ல என்ன பண்ணீங்கன்னு நான் கேட்டா ரெண்டு நிமிஷம் பேச முடியுமா? முடியலன்னா அத எடுத்துருங்க. தெரியாத ஒண்ணு மாட்டிச்சுன்னா தெரிஞ்ச அஞ்சையும் சேத்து நம்ப மாட்டாங்க. ஸ்டார் வேண்டாம், பைதான்ல நாலு ஸ்டார்னா யாருக்கும் எதுவும் புரியாது. நோக்கம்னு எழுதின வரியையும் தூக்கிருங்க. ரெண்டு காலம் டெம்ப்ளேட்ட நாங்க வச்சிருக்கற மென்பொருள் படிக்கும்போது சில சமயம் இந்தக் காலத்து வரியும் அந்தக் காலத்து வரியும் கலந்து போயிரும், அதனால சாதாரணமா ஒரே காலமா வைங்க, பிடிஎஃப்ல இருந்து எல்லாத்தையும் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, வரிசை மாறாம வந்தா போதும்.
ஏடிஎஸ்னு சொல்ற அந்த மென்பொருள் தானா எல்லாரையும் கழிச்சு கட்டுதுன்னு நிறைய பயமுறுத்தறாங்க. நான் வேலை பாத்த இடங்கள்ல தானா கழியறது ஃபார்ம்ல கேக்கற நேரடிக் கேள்வியாலதான், இத்தன வருஷ அனுபவம் இருக்கா, இங்க வேலை செய்ய அனுமதி இருக்கா, அந்த மாதிரி. மத்தபடி ஒரு ஆள்தான் தேடிப் பாத்து படிக்கறாங்க. அதனால வார்த்தைய வெள்ளைக் கலர்ல ஒளிச்சு வைக்கறதெல்லாம் செய்யாதீங்க.

சர்வர்_காவலன் எழுதியது:
அக்கா சொன்னது மொத்தமும் சரி. தம்பி, ஒரு கேள்வி. படிக்கும்போதோ அதுக்கப்புறமோ, உன்னத் தவிர வேற யாராவது, ஒரே ஒருத்தரா இருந்தாலும் சரி, நெசமாவே உபயோகிச்ச ஏதாவது எழுதிருக்கியா? சின்னதா இருந்தாலும் பரவால்ல.

எட்டாம்மாசம் எழுதியது:
ப்ராஜெக்ட்னு சொல்ற அளவுக்கு இல்லண்ணா. எங்க டிபார்ட்மென்ட் லேப்ல 12 பெரிய மெஷின் இருந்துச்சு, யாருக்கு எப்போங்கறத ஒரு நோட்ல எழுதுவோம், அதுல தினமும் சண்டை. மூணாம் வருஷம் நான் ஒரு புக்கிங் பக்கம் எழுதினேன். சாதாரண பிஹெச்பில எழுதினது, டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல், அவ்ளோதான், பாக்கவே பழசா இருக்கும். ஒரு 140 பேர் உபயோகிச்சாங்க, நான் வெளிய வந்தும் இப்போவும் ஓடிட்டுதான் இருக்கு, ஜூனியர் பசங்க பாத்துக்கறாங்க. பிஹெச்பின்னு போட்டா கேவலமா நெனைப்பாங்கன்னு ரெஸ்யூம்ல போடல.

சர்வர்_காவலன் எழுதியது:
தம்பி, இதப் படிச்சிட்டு சேர்ல இருந்து எந்திரிச்சிட்டேன். 140 பேர் ரெண்டு வருஷமா ஓட்டற ஒண்ண ஒளிச்சு வச்சிட்டு யாருமே தொறக்காத வானிலை ஆப்ப முன்னாடி வச்சிருக்கியே!
சரி இதச் சொல்லு. ரெண்டு பேர் ஒரே மெஷின ஒரே நேரத்துக்கு ஒரே செகண்ட்ல புக் பண்ணா என்ன ஆகும்?

எட்டாம்மாசம் எழுதியது:
அது ஆச்சுண்ணா! பரீட்சை நேரத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின் கிடைச்சிருச்சு, ரெண்டு பேரும் ஃபோன்ல காட்டி சண்டை. நான் மொதல்ல செலக்ட் பண்ணி அந்த நேரம் காலியான்னு பாத்துட்டு, காலின்னா இன்சர்ட் பண்ற மாதிரி எழுதிருந்தேன். எவ்ளோ டெஸ்ட் பண்ணாலும் எனக்கு அந்தத் தப்பு வரவே இல்ல, ஏன்னா நான் ஒருத்தன்தான டெஸ்ட் பண்றேன். ரெண்டு நாள் தூங்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டு பேரோட செலக்டும் மொதல்ல ஓடி ரெண்டுமே காலின்னு பாத்துருது, அதுக்கப்புறம் ரெண்டு இன்சர்டும் ஓடுது. கடைசில டேபிள்ல மெஷின் நம்பர், தேதி, நேரம் மூணையும் சேத்து ஒரு யூனிக் இன்டெக்ஸ் போட்டேன். ரெண்டாவதா வர்றத டேட்டாபேஸே 1062னு எரர் குடுத்து தடுத்துரும், அந்த எரர புடிச்சு "வேற ஒருத்தர் எடுத்துட்டார்"னு காட்டினேன். அதுக்கப்புறம் அந்தப் பிரச்சனை வரல.

சர்வர்_காவலன் எழுதியது:
இதுக்குப் பேருதான் ரேஸ் கண்டிஷன். அஞ்சு வருஷ அனுபவம்னு சொல்லிட்டு வர்றவங்கள்லயே சில பேருக்கு இத இப்படி கதையா சொல்லத் தெரியாது, ஏன்னா அவங்க அத புத்தகத்துல படிச்சிருப்பாங்க, நீ அடிபட்டு கத்துக்கிட்டிருக்க. சரிபார்க்கறத அப்ளிகேஷன்ல மட்டும் செய்யாம டேட்டாபேஸ் கையில குடுக்கணும்னு நீயாவே கண்டுபிடிச்சிருக்க. பிஹெச்பியா எதுவாங்கறது எனக்கு ஒரு பொருட்டே இல்ல.
ரெஸ்யூம்ல இது மேல வரணும். "லேப் மெஷின் புக்கிங் அமைப்பு. 12 மெஷின், சுமார் 140 மாணவர்கள், இன்றும் பயன்பாட்டில். ஒரே நேரத்தில் வரும் இரட்டைப் பதிவை யூனிக் இன்டெக்ஸ் மூலம் தடுத்தேன்." இந்த மாதிரி மூணு நாலு வரி. கோடு இருக்கா? எல்லாரும் பாக்கற மாதிரி கோட ஏத்தி வைக்கற கிட்ஹப்ல இருக்கா?

எட்டாம்மாசம் எழுதியது:
லேப்டாப்ல இருக்குண்ணா. மாத்தறத எல்லாம் பதிஞ்சு வைக்கற கிட்ல இல்ல, ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசுன்னு ஃபோல்டரா இருக்கு.

மழைக்குருவி எழுதியது:
ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தம்பி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோடுக்குள்ள எழுதிருப்பீங்க, கண்டிப்பா இருக்கும். அத வெளிய எடுத்து தனி ஃபைல்ல வச்சு, அந்த ஃபைல கிட்இக்னோர்ல (கிட்ல ஏத்தக் கூடாத ஃபைல் பட்டியல்ல) போட்டுட்டு அப்புறம் கமிட் பண்ணுங்க, அதாவது கிட்ல பதிவு பண்ணுங்க. ஒரு தடவ ஏத்திட்டா அடுத்த கமிட்ல அழிச்சாலும் பழைய ஹிஸ்டரில அப்படியே இருக்கும், அப்போ பாஸ்வேர்டையே மாத்தறது ஒண்ணுதான் வழி. மாணவர்களோட பேரு நம்பர் எதுவும் டேட்டாபேஸ் டம்ப்ல (மொத்தமா எடுத்த நகல்ல) போயிரக் கூடாது. லேப் பொறுப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. உபயோகிக்கறவங்க டைப் பண்ணது க்வெரில (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற வரில) கேள்விக்குறியோட தனியா பைண்ட் ஆகுதா இல்ல ஸ்ட்ரிங்கா ஒட்டிருக்கீங்களான்னும் பாருங்க, ஒட்டிருந்தா, வெளியாள் கட்டத்துல கமாண்ட டைப் பண்ணி டேட்டாபேஸ ஆட்டி வைக்கற எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு கதவ தொறந்து வச்ச மாதிரி. அத சரி பண்ணதையும் தனி கமிட்டா போடுங்க, "இது ஆபத்துன்னு தெரிஞ்சுது, மாத்தினேன்"னு காட்டறதும் நல்லதுதான்.

கமாப்புள்ளி எழுதியது:
எல்லாரும் நல்ல பிள்ளையா பேசறீங்க, நான் நடைமுறைய சொல்றேன். எந்த விளம்பரத்த பாத்தாலும் ரெண்டு வருஷம் மூணு வருஷம்னுதான் கேக்கறாங்க. ஒரு சின்ன கம்பெனி பேர்ல ரெண்டு வருஷ அனுபவம்னு போட்டுக்கங்க, லெட்டர் குடுக்க ஆள் இருக்காங்க. உள்ள போனா எல்லாம் கத்துக்கலாம். என் ஃப்ரெண்ட் அப்படித்தான் போனான், நல்லாத்தான் இருக்கான்.

தட்டச்சு88 எழுதியது:
//உள்ள போனா எல்லாம் கத்துக்கலாம்//
நான் இத செஞ்சவன். இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல, இந்தத் தம்பிக்காக எழுதறேன். ரெண்டரை வருஷம்னு பொய் சொல்லி ஒரு இடத்துல சேந்தேன். சேந்த மொத வாரம் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரல, ஏன் தரணும், ரெண்டரை வருஷம் வேலை பாத்தவன்தான நான். பக்கத்து சீட்ல நெசமான ஃப்ரெஷர் ஒரு பொண்ணு, அவங்க கேள்வி கேட்டா சீனியர் பக்கத்துல உக்காந்து விளக்குவார், அதே கேள்விய நான் கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. அதனால கேக்கறதையே நிறுத்திட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடித் தேடி செய்வேன். எட்டாவது மாசம் பேக்ரவுண்ட் செக் ரிப்போர்ட் வந்துச்சு, அன்னைக்கே அனுப்பிட்டாங்க. வேலை போனதவிட, அந்த எட்டு மாசத்துல ஒரு நாள்கூட நிம்மதியா "எனக்கு இது தெரியல"ன்னு சொல்ல முடியல பாருங்க, அதுதான் என்னை உடைச்சிருச்சு. ஃப்ரெஷர்ங்கற பட்டத்துக்கு ஒரு பெரிய சலுகை இருக்கு, தெரியாதுன்னு சொல்லலாம். யார் காசு குடுத்தாகூட அத வித்துராதீங்க. அதுக்கப்புறம் உண்மைய சொல்லி வேற வேலை தேட எனக்கு ஒண்ணே கால் வருஷம் ஆச்சு.

நீலக்குடை எழுதியது:
எழுதினதுக்கு ரொம்ப நன்றி தட்டச்சு88. நான் பாத்தவரைக்கும் இந்தப் பொய் மாட்டாம போறதும் உண்டு, மாட்டினா எங்க ரெக்கார்ட்ல அந்த ஆள் பேரு பக்கத்துல அது நின்னுரும்.
விளம்பரத்துல ரெண்டு வருஷம்னு போட்டிருக்கறத பத்தி ஒண்ணு சொல்லணும், அந்த லிஸ்ட் பெரும்பாலும் டீம் மேனேஜரோட ஆசைப் பட்டியல். ஒண்ணு ரெண்டு வருஷம்னு இருந்து, கேக்கற விஷயத்துல பாதிக்கு மேல நீங்க செஞ்சிருந்தீங்கன்னா தைரியமா போடுங்க, அனுபவம் எத்தனைங்கற கட்டத்துல உண்மைய போட்டே போடுங்க. அஞ்சு வருஷம், லீட்னு இருந்தா விட்டுருங்க. போஸ்டிங் வந்த மொத ரெண்டு நாளுக்குள்ள போட்டா நான் படிக்கற வாய்ப்பு அதிகம், மூணு வாரம் கழிச்சு வர்றத நான் பல சமயம் தொறக்கறதே இல்ல. இன்னொண்ணு, பயிற்சிக்கு காசு கட்டணும், லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டணும்னு யார் சொன்னாலும், வெறும் சாட்லயே இன்டர்வியூ முடிச்சு ஆஃபர்னு சொன்னாலும் அது வேலையே இல்ல. வேலை குடுக்கறவங்க உங்களுக்குத்தான் காசு தருவாங்க.

எட்டாம்மாசம் எழுதியது:
தட்டச்சு88 அண்ணா, உண்மைய சொல்லணும்னா போன மாசம் எனக்கும் அந்த யோசனை வந்துச்சு, ஒருத்தர் நம்பர்கூட வாங்கி வச்சிருந்தேன். இப்போ அழிச்சிட்டேன்.
கோடிங் டெஸ்ட் பத்தி கேக்கணும். லீட்கோட்ல (கோடிங் கணக்கு போட்டுப் பழகற தளம்) 90 வரைக்கும் போட்டிருக்கேன். போன டெஸ்ட்ல பைனரி சர்ச் (வரிசைப்படுத்தின பட்டியல பாதி பாதியா வெட்டித் தேடறது) மாதிரி ஒண்ணு வந்துச்சு, தெரிஞ்ச விஷயம், ஆனா ஒண்ணு கூட ஒண்ணு கம்மின்னு லூப்ப தப்பா எழுதி டைம் முடிஞ்சிருச்சு. பைனரி சர்ச்சே தப்பா எழுதறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கான்னு ஒரு வாரம் ஒண்ணுமே செய்யல.

சர்வர்_காவலன் எழுதியது:
அந்த வாரம் உனக்கு வீணா போயிருக்கு தம்பி. ஜாவாவோட ஸ்டாண்டர்ட் லைப்ரரில இருந்த பைனரி சர்ச்சுலயே வருஷக்கணக்கா ஒரு பிழை ஒளிஞ்சிருந்துச்சு தெரியுமா, அத எழுதின ஜோஷுவா பிளாக்கே 2006ல வெளிப்படையா எழுதினார். தேடற பகுதியோட ஆரம்பம் லோ, முடிவு ஹை, நடு இடம் கண்டுபிடிக்க ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுப்போம்ல, அர்ரே (பட்டியல்) நூறு கோடி அளவுக்கு பெருசா இருந்தா அந்தக் கூட்டலே 32 பிட் இன்டீஜர்ல அடங்காம மைனஸா மாறிரும். லோ கூட ஹைக்கும் லோவுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதிய கூட்டினா சரியாயிரும். அவ்ளோ பெரிய ஆளுக்கே நடந்திருக்கு. இன்டர்வியூல நான் பாக்கறது மொத தடவையே சரியா வருதான்னு இல்ல. அர்ரே காலியா இருந்தா? ஒண்ணே ஒண்ணு இருந்தா? தேடறது கடைசில இருந்தா? இத நீயா கேட்டு பேப்பர்ல ஓட்டிப் பாக்கறியாங்கறதுதான்.
400 போட்டு மனப்பாடம் பண்றதவிட 80 போட்டு ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் கழிச்சு பாக்காம திரும்ப எழுத முடிஞ்சா போதும்னு நான் சொல்லுவேன். ஹேஷ் மேப் எப்போ, ரெண்டு பாயின்டர் எப்போ, ஸ்டாக் எப்போ, மரத்துல எப்படி இறங்கறது, இதெல்லாம் கைக்கு வந்துட்டா பெரும்பாலான ஜூனியர் டெஸ்டுக்கு போதும். வாய்விட்டு பேசிட்டே எழுதிப் பழகு, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளு, மொத தடவ கேக்க கூசும்.

இரவுப்பணி எழுதியது:
நான் கொஞ்சம் மாறுபடறேன். பெரிய கம்பெனிங்க மொத சுத்துல ஆள கழிக்கறதே அந்த டெஸ்டாலதான், அங்க போகணும்னா 80 பத்தாது, நேரம் வச்சு வேகமா போட்டுப் பழகணும். காவலன் அண்ணா எடுக்கற மாதிரி எல்லாரும் பொறுமையா எடுக்கறதில்ல.

சர்வர்_காவலன் எழுதியது:
ஒத்துக்கறேன், பெரிய இடத்துக்கு வேற தயாரிப்பு வேணும். இந்தத் தம்பிக்கு சின்ன டீம் நல்லா பொருந்தும்னு தோணுது, அந்த புக்கிங் கதைய கேக்க அங்கதான் ஆள் இருப்பாங்க.

எட்டாம்மாசம் எழுதியது:
இன்னொரு கேள்வி. ஒரு இடத்துல டெஸ்டிங் வேலைக்கு கூப்பிடறாங்க, சேந்துட்டு உள்ளயே டெவலப்மென்ட்டுக்கு மாறிக்கலாம்னு சொல்றாங்க. போலாமா?

இரவுப்பணி எழுதியது:
என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க, சப்போர்ட்ல சேந்தேன், நாலு வருஷம் ஆச்சு. டிக்கெட் மூடறதும் ராத்திரி ஷிஃப்ட்டும்தான். மாறலாம்னு சொன்ன மேனேஜர் ஆறு மாசத்துல வேற கம்பெனிக்கு போயிட்டார், அதுக்கப்புறம் அந்த வார்த்தை யாருக்கும் ஞாபகம் இல்ல.

மழைக்குருவி எழுதியது:
நான் டெஸ்டிங்ல இருந்துதான் வந்தேன், 14 மாசத்துல மாறினேன், அதனால முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தானா நடக்கல. கையால 200 கேஸ் ஓட்டறதுல பாதிய பைதான் ஸ்கிரிப்டா மாத்தினேன், அந்த ஸ்கிரிப்ட டெவலப்பர்ஸோட அதே ரெபாசிட்டரில வைக்கணும்னு கேட்டு வாங்கினேன், அதனால அவங்க என் கோட ரிவ்யூ பண்ண வேண்டி வந்துச்சு. அப்புறம் பக் ரிப்போர்ட் எழுதும்போது எந்த வரில பிரச்சனைன்னும் தேடி எழுத ஆரம்பிச்சேன், ஒரு நாள் ஒருத்தர் "நீங்களே சரி பண்ணிருங்களேன்"ன்னார். சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க தம்பி: கடைசியா டெஸ்டிங்ல இருந்து டெவலப்மென்ட்டுக்கு யார் மாறினாங்க, எப்போ, அவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசலாமா? பேர் சொல்ல முடிஞ்சா போங்க. "கண்டிப்பா வாய்ப்பிருக்கு"ன்னு மட்டும் சொன்னா யோசிங்க. கையில காசு தேவைன்னா எதையும் யோசிக்காம போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கமாப்புள்ளி எழுதியது:
தட்டச்சு88 எழுதினத நேத்து படிச்சேன், நான் சொன்னத திரும்ப எடுத்துக்கறேன். என் ஃப்ரெண்ட் நல்லா இருக்கான்னு சொன்னேன், நேத்து அவன்கிட்ட பேசினேன், அவனும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னான்.
தம்பிக்கு உபயோகமா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஓபன் சோர்ஸ் பண்ணுன்னு எல்லாரும் சொல்வாங்க, எழுத்துப் பிழைய மாத்தி பத்து பிஆர் (இந்த மாத்தத்த சேத்துக்கங்கன்னு அனுப்பற கோரிக்கை) போடறதுல பிரயோஜனம் இல்ல, பிஆர் போட்டா டீ-ஷர்ட் தர்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட்ல 2020ல அப்படி குப்பையா வந்து குவிஞ்சு, அந்த ப்ராஜெக்ட்கள பாத்துக்கற மெயின்டெய்னர்ஸ் கடுப்பாகி விதியையே மாத்த வேண்டியதாச்சு. நீங்க நெசமாவே உபயோகிக்கற ஒரு லைப்ரரிய எடுத்து, யாரோ சொன்ன பிழைய உங்க மெஷின்ல வரவச்சு, வர்ற வழிய தெளிவா எழுதிப் போடுங்க. அதுவே பெரிய உதவி, கோடு படிக்கவும் பழகிரும்.

எட்டாம்மாசம் எழுதியது:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். டெஸ்டிங் இடத்துல மழைக்குருவி அக்கா சொன்ன கேள்விய கேட்டேன், யாரையும் சொல்ல முடியல, போகல.
ரெஸ்யூம மாத்தினேன், இருவதுல இருந்து எட்டுக்கு வந்துருச்சு. புக்கிங் கோட சுத்தம் பண்ணி கிட்ஹப்ல போட்டேன், ஸ்ட்ரிங்கா ஒட்டின எஸ்கியூஎல் ஏழு இடத்துல இருந்துச்சு, எல்லாத்தையும் மாத்தினேன். இந்த அஞ்சு வாரத்துல 31 இடத்துக்குத்தான் போட்டேன், ஒவ்வொண்ணுக்கும் அவங்க என்ன செய்யறாங்கன்னு படிச்சுட்டு ரெண்டு வரி எழுதி. 6 பேர் கூப்பிட்டாங்க!
அதுல ஒண்ணு ஒன்பது பேர் இருக்கற டீம். முக்கால் மணி நேரம் புக்கிங் பத்தி மட்டுமே பேசினோம். "உன் ஸ்லாட் எல்லாம் ஒரு மணி நேரம், அதனால யூனிக் இன்டெக்ஸ் போதும். எந்த நேரம் ஆரம்பிச்சு எந்த நேரம் முடிச்சாலும் சரின்னா என்ன செய்வ?"ன்னு கேட்டாங்க. எனக்கு தெரியல. தெரியலன்னு சொல்லிட்டு, ரெண்டு பதிவு எப்போ மோதும்னு கோடு வரைஞ்சு பாக்கட்டுமான்னு கேட்டேன். இது ஆரம்பிக்கறது அது முடியறதுக்கு முன்னாடியும், அது ஆரம்பிக்கறது இது முடியறதுக்கு முன்னாடியும் இருந்தா மோதுதுன்னு கண்டுபிடிச்சேன். பத்து டு பதினொண்ணு, பதினொண்ணு டு பன்னெண்டு மோதக் கூடாது, அதனால சமம் வரக் கூடாதுன்னும் சொன்னேன். அத எப்படி டேட்டாபேஸ்ல தடுக்கறதுன்னு மட்டும் வரல. இப்போ வீட்ல செஞ்சு அனுப்பற நாலு மணி நேர டெஸ்ட், டேக்-ஹோம்னு குடுத்திருக்காங்க. என்ன கவனிக்கணும்?

சர்வர்_காவலன் எழுதியது:
அந்தக் கேள்விக்கு, போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்னு ஒண்ணு இருக்கு, நேரத்த ரேஞ்சா வச்சு ஒண்ணு மேல ஒண்ணு விழக் கூடாதுன்னு டேட்டாபேஸ்கிட்டயே சொல்லிரலாம். மைஎஸ்கியூஎல்ல அது இல்ல, டிரான்சாக்‌ஷன் ஆரம்பிச்சு அந்த மெஷினோட வரிய செலக்ட் ஃபார் அப்டேட்னு பூட்டிட்டு, மோதுதான்னு பாத்து, அப்புறம் இன்சர்ட் பண்ணலாம். ரெண்டாவது ஆள் அந்தப் பூட்டுக்கு வெளிய நிப்பார். அவங்களுக்கு இன்னைக்கே ஒரு சின்ன மெயில் போடு, "வீட்டுக்கு வந்து படிச்சேன், இப்படி செய்யலாம்னு புரிஞ்சுது"ன்னு.
டேக்-ஹோம்ல கேட்டத மட்டும் முழுசா செய், அலங்காரம் வேண்டாம். எப்படி ஓட்டறதுன்னு சொல்ற ரீட்மீ எழுதிட்டு, வேற ஃபோல்டர்ல புதுசா குளோன் பண்ணி நீ எழுதினதையே வரிக்கு வரி பாத்து ஓட்டிப் பாரு, ஓடலன்னா அவங்ககிட்டயும் ஓடாது. முக்கியமான இடத்துக்கு நாலு டெஸ்ட். செய்யாம விட்டது என்ன, ஏன்னு ரெண்டு வரி.

நீலக்குடை எழுதியது:
ஏஐ உபயோகிக்கலாமான்னு அவங்களையே கேட்டுருங்க. 2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் டேக்-ஹோம்ல எல்லாரோட கோடும் நல்லாவே இருக்கு, அதனால அடுத்த சுத்துல உக்கார வச்சு "இந்த வரிய ஏன் இப்படி எழுதின, இத மாத்து"ன்னு கேக்கறாங்க. அங்கதான் தெரிஞ்சிரும். அனுமதி இருந்தாலும் உங்களால விளக்க முடியாத ஒரு வரிகூட அதுல இருக்கக் கூடாது.

எட்டாம்மாசம் எழுதியது:
ஆஃபர் வந்துருச்சு!! அந்த ஒன்பது பேர் டீம்தான். மெயில படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல, அம்மாகிட்ட ஃபோன அப்படியே குடுத்துட்டேன், அவங்க படிச்சிட்டு அழுதுட்டாங்க. நான் கேட்ட சம்பளத்தவிட கொஞ்சம் கம்மிதான். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

மழைக்குருவி எழுதியது:
வாழ்த்துகள் தம்பி, மனசு நெறஞ்சிருச்சு! ஆஃபர் லெட்டர்ல ப்ரொபேஷன் எத்தனை மாசம், நோட்டீஸ் எத்தனை நாள், நடுவுல விட்டா பணம் கட்டணும்னு ஏதாவது இருக்கான்னு ஒரு வரி விடாம படிங்க. வேலைக்கு வெளிய நீங்க எழுதற கோடு யாருக்கு சொந்தம்னும் பாருங்க. அப்புறம் அவங்ககிட்ட கேளுங்க, என் கோட யார் ரிவ்யூ பண்ணுவாங்க, மொத மாசம் நான் யார்கிட்ட கேள்வி கேக்கலாம்? மொத வேலைல சம்பளத்துக்கு அடுத்து எனக்கு இதுதான் முக்கியமா பட்டுச்சு.

எட்டாம்மாசம் எழுதியது:
கேட்டேன் அக்கா. பணம் கட்டற ஷரத்து எதுவும் இல்ல. ரிவ்யூவுக்கு ஒரு சீனியர் பேர் சொன்னாங்க, புக்கிங் பத்தி கேள்வி கேட்டாரே அவரேதான். தினமும் காலைல அரை மணி நேரம் எனக்குன்னு ஒதுக்கிருக்காராம், "தெரியலன்னா தெரியலன்னு சொன்னதுனாலதான் உன்ன எடுத்தோம், அத விட்டுராத"ன்னார். திங்கக்கிழமை சேர்றேன். தட்டச்சு88 அண்ணா, அவர் அப்படி சொன்னப்போ உங்களத்தான் நெனச்சுக்கிட்டேன்.

தட்டச்சு88 எழுதியது:
ரொம்ப சந்தோஷம்பா. மொத நாள்ல இருந்தே கேளு.

புதுவரவு எழுதியது:
மூணு நாளா இந்த இழைய திரும்பத் திரும்ப படிச்சிட்டு இருக்கேன். நானும் படிச்சு ஒரு வருஷம் ஆகப் போகுது. யாரும் உபயோகிக்கற மாதிரி நான் எதுவும் செய்யல, தங்கச்சியோட டான்ஸ் க்ளாஸ்ல வருகை எடுக்க ஒரு ஷீட்ல ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தது மட்டும்தான். என் ரெஸ்யூமும் போடலாமா?

சர்வர்_காவலன் எழுதியது:
போடும்மா, பேரும் நம்பரும் மறைச்சிட்டு. அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யுதுன்னு மொதல்ல சொல்லு.